துப்பறியும் நாவலுக்கும் நூல் பக்கத்தில் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிற்றுக்கிழமை நூல் பக்கத்தைத் தவறாமல் படித்துவரும் வாசகன் நான். கவிதை, வரலாறு, தன்வரலாறு, மொழிபெயர்ப்பு எனப் பல துறை நூல்களுக்கும் அங்கே மதிப்புரை வெளியாகிறது. குற்றப் புனைவுக்கும் துப்பறியும் நாவலுக்கும் மட்டும் அங்கே இடமில்லை. அண்மையில் வெளிவந்த ஒரு கட்டுரை, வாசிப்புப் பழக்கம் தேய்ந்ததற்கான காரணங்களைப் பேசுமிடத்தில், துப்பறியும் கதைகள்தாம் மக்களின் ரசனையைக் கெடுத்தன என்று போகிறபோக்கில் ஒரு வரியில் தீர்ப்பெழுதிவிட்டு நகர்ந்தது. அந்த மதிப்பீட்டை என்னால் ஏற்க இயலவில்லை. பள்ளிப் பருவம் முதல் இன்றுவரை குற்றக் கதைகளை விடாமல் படித்துவருபவன் நான். பணிக்காலத்தில் நம் பகுதி நீதிமன்றம் ஒன்றின் நகல் பிரிவில் அமர்ந்து, உண்மையான குற்ற வழக்குகளின் வாக்குமூலங்களையும் தீர்ப்புகளையும் நாள்தோறும் கையாண்டவன். இந்த இரு வாசிப்புகளும் எனக்குள் ஒன்றையொன்று வளர்த்தன. அந்த அனுபவத்தைக் கொண்டே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் விரும்பிப் படிப்பவை பூச்சில்லாத குற்றக் கதைகள். மாளிகையில் விருந்து நடக்கையில் விளக்கணைந்து, மீண்டும் எரியும்போது ஒருவர் இறந்து கிடக்கும் புதிர்க் கதைகளை நான் வெறுப்பவன் அல்லன். சிறுவயதில் அவைதாம் என்னை இந்தப் பக்கம் இழுத்துவந்தன. வயது ஏற ஏற மனம் வேறொன்றைத் தேடத் தொடங்கியது. அரசு மருத்துவமனைப் பிணவறை வாசலில், கூராய்வுக்கு மருத்துவர் வரும்வரை இரவெல்லாம் காத்துக்கிடக்கும் காவலர். இறந்தவருக்கு எங்கெங்கே கடன், யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்று தெருத்தெருவாகக் கேட்டலையும் உதவி ஆய்வாளர். கண்ணால் கண்டதைச் சொன்னால் நாளை இதே தெருவில் பிழைக்க முடியாது என்று அஞ்சி வாய்மூடும் பெட்டிக்கடைக்காரர். மகனைப் பறிகொடுத்துவிட்டு, வாய்தா தோறும் பேருந்தில் வந்து நீதிமன்ற மரத்தடியில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிப் போகும் தாய் - இவர்கள் வாழும் கதைகளே என்னைப் பிடித்து நிறுத்துகின்றன. அத்தகைய நாவலில் ஒரு கொலை என்பது ஊரையே திறந்து காட்டும் நிகழ்வாகிறது. வட்டி, நிலம், சாதி, குடி, வெளிநாட்டு வேலைக்குக் கட்டிய பணம், பங்காளிப் பகை என்று அன்றாட வாழ்வில் யாரும் வாய்விட்டுப் பேசாதவை எல்லாம், ஒரு புலனாய்வின் பெயரால் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன.

நல்ல குற்ற நாவலை நான் இரண்டு முறை படிப்பேன். முதல் வாசிப்பில் ஆசிரியர் இழுக்கும் இழுப்புக்கெல்லாம் போவேன். விடியும்வரை கீழே வைக்க மனம் வராது. இரண்டாம் வாசிப்பே எனக்கு உண்மையான விருந்து. குற்றவாளி யாரென்று தெரிந்த பின், உண்மையை ஆசிரியர் எந்தப் பக்கத்தில், எந்த வாக்கியத்துக்குள், நம் கண்முன்னாலேயே வைத்திருந்தார் என்று தேடிப் பார்ப்பேன். துக்கம் கேட்க வந்தவர்களுக்கு வீட்டுப்பெண் காபி கொடுக்கிறாள் என்று சாதாரணமாக ஒரு வரி வந்திருக்கும். வந்தவர் நால்வர், எடுத்துவந்த டம்ளர் ஐந்து என்பது அந்த வரியிலேயே சொல்லப்பட்டிருக்கும். நாம்தான் கவனியாமல் கடந்திருப்போம். வாசகனிடம் எதையும் மறைக்காமல், அதே நேரத்தில் எதையும் சுட்டிக்காட்டாமல் எழுதுவதற்கு எவ்வளவு மொழிக்கட்டுப்பாடு வேண்டும் என்பதை எழுதிப் பார்ப்பவர்கள் அறிவார்கள். ஒரு சொல் கூடினால் உண்மை வெளிப்பட்டுவிடும். ஒரு சொல் குறைந்தால் வாசகன் ஏமாற்றப்பட்டவனாவான். இந்தக் கலையை இலக்கியத்துக்குப் புறம்பானது என்று ஒதுக்குவோர், இத்தகைய நாவல் ஒன்றையேனும் இரண்டாம் முறை படித்துப் பார்க்க வேண்டுமென்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தமிழுக்குத் துப்பறியும் கதை நேற்று வந்ததன்று. ஆங்கிலத்தில் ஷெர்லாக் ஹோம்ஸ் முதன்முதலாக அச்சில் தோன்றியது 1887-ஆம் ஆண்டில்; அதற்கு ஏழே ஆண்டுகள் கழித்து, 1894-இல், நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்தவரான பண்டித நடேச சாஸ்திரியார், போலீஸ் துறையைச் சேர்ந்த ஒரு துப்பறிவாளரை மையமாக வைத்துத் தமிழில் கதைகள் எழுதி வெளியிட்டுவிட்டார். எங்கள் செட்டிநாட்டுக்கோ இந்த வகை எழுத்தோடு இன்னும் நெருங்கிய உறவு உண்டு. சங்கர்லால் என்ற துப்பறிவாளரைப் படைத்துத் தமிழ்நாட்டு இளைஞர்களைக் கட்டிப்போட்ட தமிழ்வாணன் 1926-இல் பிறந்தது எங்கள் தேவகோட்டையில்தான். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக அவர் முகம் அச்சிட்ட அட்டைகள் இவ்வூரின் எத்தனையோ வீட்டு அலமாரிகளில் இன்றும் இருக்கின்றன. சங்கர்லாலோடு சேர்ந்து தேநீர் குடிக்கப் பழகியவர்கள் என் தலைமுறையில் பலர்.

எங்கள் அப்பத்தா வார இதழ்களில் வரும் துப்பறியும் தொடர்களை மட்டும் தனியே பிரித்தெடுத்து, ஊசி நூலால் தைத்து, அட்டை போட்டுப் பெட்டகத்தில் வைத்திருப்பார். யாருக்கு எந்தத் தொகுப்பைக் கொடுத்தோம் என்பதை வரவு செலவு எழுதும் அதே ஒழுங்கில் ஒரு நோட்டில் குறித்துக்கொள்வார். ஆடவர் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்யப் போய் ஆண்டுக்கணக்கில் பர்மாவிலும் மலேயாவிலும் இருந்த காலத்தில், பெரிய வீடுகளைத் தனியே கட்டியாண்ட ஆச்சிமார் பலருக்கு இக்கதைகள் துணையாக இருந்தன என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ரசனை கெட்டவர்கள் என்று யாரைச் சொல்கிறோம் என்பதைக் கட்டுரையாளர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவ்விடத்தில் கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்களை நினைவுகூராமல் இருக்க முடியாது. உயர்ந்த நூல், மலிந்த நூல் என்று பாகுபடுத்தாமல், பழந்தமிழ் நூல்களைச் சேகரித்த அதே ஆர்வத்தோடு மக்கள் படித்த நாவல்களையும் நாடக நோட்டீசுகளையும் அவர் தேடித்தேடிச் சேர்த்தார். அவர் 1992-இல் மறைந்த பிறகு, ஒரு லட்சம் உருப்படிகளைத் தொடும் அந்தச் சேகரிப்பை அடிப்படையாகக் கொண்டு, சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் 1994-இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆய்வு நூலகம் உருவானது. நூறாண்டுக்கு முன் நம் மக்கள் எதைப் படித்தார்கள், எதற்கு அஞ்சினார்கள், போலீசையும் வக்கீலையும் எப்படிப் பார்த்தார்கள் என்று ஆராய வரும் அறிஞர்கள், அன்று ஒதுக்கப்பட்ட அந்தத் துப்பறியும் நாவல்களைத்தான் இன்று கேட்டு வாங்கிப் படிக்கிறார்கள்.

இத்தனை அன்பிருப்பதால்தான், நம் குற்ற நாவல்களில் எனக்குள்ள பெருங்குறை ஒன்றையும் மறைக்காமல் சொல்ல விரும்புகிறேன். நம் கதைகளில் பெரும்பாலானவை கடைசி அத்தியாயத்தில் குற்றவாளி காவல் ஆய்வாளர் முன் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வதோடு முடிந்துவிடுகின்றன. இரண்டு பக்கத்துக்குக் குற்றவாளி பேசுவார், எப்படித் திட்டமிட்டேன், எப்படிச் செய்தேன் என்று விளக்குவார், விலங்கு பூட்டப்படும், கதை முடியும். சட்டத்தில் நிலைமை நேர்மாறானது. காவல்துறை அதிகாரியிடம் அளித்த ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக மெய்ப்பிக்க முடியாது என்று 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு கூறியது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 23-ஆவது பிரிவும் அதையே கூறுகிறது. ஒப்புதலின் விளைவாக ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு நேரடித் தொடர்புடைய பகுதி மட்டுமே ஏற்கப்படும். 'அரிவாளை இன்ன ஊருணிக் கரையில் கருவேலம் புதருக்குள் மறைத்து வைத்தேன்' என்பது ஏற்கத்தக்க பகுதி. 'அதனால்தான் வெட்டினேன்' என்பது ஏற்கப்படாது. ஆகவே நம் நாவலாசிரியர்கள் முடிவு என்று நினைத்துப் பேனாவை மூடுமிடத்தில், உண்மையான வழக்கின் கடினமான பகுதி அப்போதுதான் ஆரம்பமாகிறது.

அந்தக் கடினமான பகுதிக்குள் எத்தனை கதைகள் உறங்குகின்றன என்பதை வழக்குக் கட்டுகளைப் பார்த்தவர்கள் அறிவார்கள். குற்றம் நிகழ்ந்த இடத்தில் பார்வை மகஜர், அதாவது சாட்சிகள் முன்னிலையில் அங்கே கண்டவற்றின் பதிவு, எழுதப்படுகிறது. மாதிரி வரைபடம் போடப்படுகிறது. இரத்தக்கறை படிந்த மண் ஒரு பொட்டலத்திலும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கறையில்லாத மண் இன்னொரு பொட்டலத்திலும் எடுக்கப்படுகின்றன. முதல் தகவல் அறிக்கையில் ஒரு நேரம் இருக்கிறது. அது நீதித்துறை நடுவரின் கையில் போய்ச் சேர்ந்தபோது அவர் கையெழுத்தோடு இட்ட நேரம் ஒன்று இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் காரணம் சொல்லப்படாத சில மணி நேர இடைவெளி இருந்தால், அந்த நேரத்தில் யாருடைய பெயர் சேர்க்கப்பட்டது, யாருடைய பெயர் நீக்கப்பட்டது என்று எதிர்தரப்பு வழக்கறிஞர் கேட்பார். கொலை வழக்கே அந்த ஒரு கேள்வியில் ஆட்டம் கண்டுவிடும். கிராம நிர்வாக அலுவலர் முன் வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று வரும் வழக்குகளில், முன்பின் அறிமுகமில்லாத அவரிடம் இவர் ஏன் போய்ச் சொல்ல வேண்டும் என்ற கேள்வி எழும். மகஜரில் கையெழுத்திட்ட சாட்சி கூண்டில் ஏறி, 'கையெழுத்து என்னுடையதுதான், படித்துப் பார்க்கவில்லை' என்று பிறழ்வார். அவருக்குப் பணம் கொடுத்தார்களா, மிரட்டினார்களா, அல்லது அவர் சொல்வதுதான் உண்மையா? இந்த ஒரு மனிதரை வைத்தே ஒரு நாவல் எழுதலாம்.

நேரில் கண்ட சாட்சி இல்லாத வழக்குகள் இன்னும் செறிவானவை. சூழ்நிலைச் சான்றுகளை மட்டும் கொண்டு ஒருவரைக் குற்றவாளி எனத் தீர்மானிப்பதற்கான நெறிகளை உச்ச நீதிமன்றம் 1984-இல் மகாராஷ்டிர வழக்கொன்றில் வகுத்துத் தந்தது. ஒவ்வொரு சூழ்நிலையும் ஐயமற நிறுவப்பட வேண்டும். அவையெல்லாம் சேர்ந்து கண்ணி விடுபடாத சங்கிலியாக அமைய வேண்டும். இவர்தான் செய்தார் என்பதைத் தவிர வேறெந்த விளக்கத்துக்கும் அந்தச் சங்கிலி இடம் தரக் கூடாது. இதைப் படித்தபோது, நேர்மையான துப்பறியும் நாவலுக்கு இதைவிடச் சிறந்த இலக்கணத்தை யாரும் எழுதிவிட முடியாது என்று தோன்றியது. புதிய கதை எழுத முனையும் இளைஞர்களிடம் நான் தவறாமல் பரிந்துரைப்பது அந்தத் தீர்ப்பைத்தான்.

அறிவியல் பக்கமும் அவ்வாறே. தடய அறிவியலில் தமிழகம் இந்தியாவுக்கே முன்னோடி. நஞ்சு முதலியவற்றைக் கண்டறிவதற்கான இரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் இந்நாட்டில் முதன்முதலாக நிறுவப்பட்டது 1849-இல் சென்னையில்தான். விரல்ரேகைக்கென உலகின் முதல் பணியகம் 1897-இல் கல்கத்தாவில் தோன்றியது. இப்படிப்பட்ட மரபு நமக்கு இருக்க, நம் கதைகளில் வரும் மருத்துவர் சடலத்தைப் பார்த்த கணமே 'இரவு பத்தேகால் மணிக்கு இறந்திருக்கிறார்' என்று சொல்வது வருத்தமளிக்கிறது. எந்த மருத்துவரும் அவ்வாறு சொல்ல மாட்டார். உடல் விறைப்பு எந்த அளவுக்குப் பரவியிருக்கிறது, வயிற்றில் உணவு எந்த நிலையில் இருக்கிறது என்பவற்றைக் கொண்டு, இத்தனை மணி முதல் இத்தனை மணிக்குள் என்று ஓர் இடைவெளியைத்தான் அவரால் கூற முடியும். நம்முடையதைப் போன்ற வெப்ப பூமியில் விறைப்பு விரைவாக வந்து விரைவாக நீங்கிவிடுவதால் அந்த மதிப்பீடும் எச்சரிக்கையோடுதான் சொல்லப்படும். அந்த ஐயமே கதைக்கு வலிமை. சந்தேகத்துக்குரியவர் அந்த இடைவெளியின் முதல் பாதியில் திருமண வீட்டில் இருந்தார், பின்பாதியில் எங்கிருந்தார் என்று யாருக்கும் தெரியாது என்றால், கதை தானே நடக்கத் தொடங்கிவிடும்.

உண்மை எவ்வளவு உறுதியாக மனத்தில் பதியும் என்பதற்கு 1952-ஆம் ஆண்டின் ஆளவந்தார் கொலை வழக்கே சான்று. சென்னையிலிருந்து வந்த போட் மெயில் ரயிலில், நம் மாவட்டத்து மானாமதுரையில், ஒரு டிரங்குப் பெட்டிக்குள் தலையில்லாத உடல் இருப்பது தெரியவந்தது. தலை சென்னை இராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. இரண்டும் ஒரே மனிதருடையவைதாம் என்பதைச் சட்ட மருத்துவம் நிறுவியது. மானாமதுரை, சிவகங்கைப் பக்கத்துப் பெரியவர்கள் அந்தப் பெட்டியைப் பற்றி நெடுங்காலம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பேச்சில் பரபரப்பைவிட வியப்பே மிகுந்திருந்தது. நானூறு கிலோமீட்டருக்கும் மேலான தொலைவில் பிரிந்து கிடந்தவற்றைப் பொறுமையும் அறிவும் சேர்த்துவைத்தன என்ற வியப்பு அது.

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. நம் கதைகளில் துப்பறிபவர் சந்தேகப்பட்டவரை இரண்டு அறை அறைந்தால் உண்மை வெளிவந்துவிடுகிறது, வாசகரும் கைதட்டுகிறார்கள். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவல்துறையின் சித்திரவதைக்கு ஆளாகி உயிரிழந்ததை இந்நாடே பார்த்தது. 2025 ஜூனில் எங்கள் சிவகங்கை மாவட்டத்திலேயே, திருப்புவனம் அருகே, நகை காணவில்லை என்ற புகாரின் பேரில் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்ட கோயில் காவலாளி ஒருவர், போலீசாரின் பிடியில் உயிரிழந்தார். அவருடைய தாயின் அழுகையைத் தொலைக்காட்சியில் பார்த்த பிறகும், அடித்து உண்மையை வரவழைக்கும் கதாநாயகனை எழுத ஒருவருக்கு மனம் எப்படி வரும் என்று எனக்குப் புரியவில்லை. கரடுமுரடான உண்மையைச் சொல்லும் குற்ற நாவல் அடியை மறைக்க வேண்டியதில்லை. அடி விழும்போது யாருக்கு விழுகிறது, அதன் விளைவாக எந்தப் பொய் உண்மையாகப் பதிவாகிறது, உண்மைக் குற்றவாளி எப்படித் தப்பிக்கிறான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் இத்தகைய எழுத்துக்கு வழிகோலிய டாஷியல் ஹாமெட், எழுத்தாளர் ஆவதற்கு முன் பிங்கர்ட்டன் என்ற துப்பறியும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். தொழிலின் அழுக்கை உள்ளிருந்து பார்த்தவர் என்பதால்தான் அவர் எழுத்தில் பொய் இல்லை. சுவீடன் நாட்டு எழுத்தாளர் இருவர் சேர்ந்து 1965 முதல் 1975 வரை எழுதிய பத்து நாவல்கள், காவல்துறையின் சலிப்பூட்டும் அன்றாட வேலையைச் சொல்லிக்கொண்டே அந்நாட்டுச் சமூகத்தின் நோய்களையும் காட்டின. நம்மாலும் இயலும், நம்மிடம் மொழியும் இருக்கிறது, களமும் இருக்கிறது.

களம் என்றதும் எங்கள் செட்டிநாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீடுகளைத் திரைப்படங்களில் பெரும்பாலும் பேய் உலவும் அரண்மனையாகவோ பண்ணையார் மாளிகையாகவோதான் காட்டுகிறார்கள். அவ்வீடுகளின் உண்மையான அமைப்பை அறிந்த எழுத்தாளருக்கு அவை வேறொன்றாகத் தெரியும். முகப்பு ஒரு தெருவில் இருக்கும். பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒன்றன்பின் ஒன்றாக நீண்டு, பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். முன்தெருவில் திண்ணையில் அமர்ந்திருப்பவருக்குப் பின்தெருவில் யார் நுழைந்தார் என்பது தெரிய வழியில்லை. வளவு எனப்படும் உள்முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகள், புள்ளி என்று நாங்கள் சொல்லும் திருமணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியே உரியவை. ஒவ்வொன்றுக்கும் தனிப் பூட்டு, தனிச் சாவி. வளவு எல்லோருக்கும் பொது. ஆண்டின் பெரும்பகுதி வீடு பூட்டிக் கிடக்கும். சாவி ஊரிலிருக்கும் ஒரு பங்காளியிடமோ வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடமோ இருக்கும். திருமணத்துக்கோ, முன்னோரை வழிபடும் படைப்புக்கோ சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பங்காளிகள் எல்லோரும் வந்து கூடும்போதுதான் அத்தனை அறைகளும் ஒரே நாளில் திறக்கும். பூட்டிய அறைக்குள் ஒரு குற்றம் என்பதை மேல்நாட்டு எழுத்தாளர்கள் எவ்வளவோ பாடுபட்டுச் சோடிக்க வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் அது இயல்பாகவே அமைந்திருக்கிறது.

எங்கள் பாத்திரங்களும் சாட்சி சொல்லும். பெண்ணுக்குச் சீராகக் கொடுக்கும் அண்டா, குத்துவிளக்கு, வெள்ளிச் சாமான் எல்லாவற்றுக்கும் பட்டியல் எழுதப்படும். ஒவ்வொன்றிலும் குடும்பத்தின் விலாசமான முதலெழுத்துகள் வெட்டப்பட்டிருக்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் பொருள்களை நின்று பார்ப்பவர்களுக்கு, எத்தனை குடும்பங்களின் எழுத்துகள் அங்கே இருக்கின்றன என்பது தெரியும். அவை முறையாக விற்கப்பட்டவை, அதில் குற்றமில்லை. ஆனால் ஒரு கதையில், பூட்டிய வீட்டிலிருந்து காணாமற்போன ஒரு குத்துவிளக்கு, எழுத்து அரத்தால் தேய்க்கப்பட்ட நிலையில் எங்கோ கிடைக்கிறது என்று வையுங்கள். தேய்த்த இடம் பளபளக்கும். தேய்க்காத இடம் கறுத்திருக்கும். அரம் யாருடையது என்ற கேள்வியிலிருந்து ஒரு புலனாய்வு புறப்படலாம். பழைய கணக்குப் பேரேடுகளும் ஐந்தொகைகளும் அப்படியே. ரங்கூன் கடையின் கணக்கில் மேலாள் எழுதிய ஓர் எண்ணுக்கும் ஊருக்கு வந்து சேர்ந்த எண்ணுக்கும் இருந்த வேறுபாடு, மூன்று தலைமுறைக்குப் பின் ஒரு சொத்து வழக்காக வெடிக்கும் கதையை எழுத, கணக்கு படிக்கத் தெரிந்த ஓர் எழுத்தாளர் போதும்.

ஊருணிகளைப் பாருங்கள். ஊருணியில் ஒரு சடலம் மிதக்கிறது. விழுந்து இறந்தாரா, இறந்த பின் போடப்பட்டாரா என்பதே முதல் கேள்வி. நீர்நிலைகளில் டயாட்டம் எனப்படும் கண்ணுக்குத் தெரியாத பாசியினம் உண்டு. அதன் ஓடு மணற்சத்தால் ஆனது, எளிதில் அழியாது. உயிரோடு நீரில் மூழ்கியவர் நீரை உள்ளிழுக்கும்போது அது நுரையீரலுக்குள் சென்று, துடித்துக்கொண்டிருக்கும் இதயத்தால் இரத்தத்தில் கலந்து எலும்பு மச்சை வரை செல்லக்கூடும். மச்சையில் கண்டெடுத்ததை அந்த ஊருணியின் நீரோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அதை மட்டும் நம்பி வழக்கை முடிக்க முடியாது. அது துணைச் சான்றுதான். ஆனால் ஓர் ஊருணியின் நீருக்கும் அடுத்த ஊர் ஊருணியின் நீருக்கும் உள்ள வேறுபாடு ஒரு கொலையைக் காட்டிக்கொடுக்கும் நாவலை எங்கள் மண்ணில்தான் எழுத முடியும். அப்படியொரு நாவலுக்காக நான் காத்திருக்கிறேன். யாரேனும் எழுதினால், வெளியாகும் நாளிலேயே வாங்கிப் படிப்பேன்.

எழுத விரும்புவோர்க்கு மூலப்பொருள் எட்டாத இடத்தில் இல்லை. நம் மாநிலத்தின் கீழமை நீதிமன்றங்களில் தீர்ப்புகள் பலவும் தமிழிலேயே எழுதப்படுகின்றன. அவற்றை இணையத்தில் யாரும் படிக்கலாம். விசாரணை பொதுவாகத் திறந்த நீதிமன்றத்தில்தான் நடக்கிறது. பின்வரிசையில் அமைதியாக அமர்ந்து கேட்க எந்தக் குடிமகனுக்கும் உரிமையுண்டு. ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் வல்லுநர் நிகழ்விடத்துக்குச் சென்று தடயங்களைச் சேகரிக்க வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176-ஆவது பிரிவு கூறுகிறது. அதைச் செயற்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டுவரை அவகாசமும் தந்திருக்கிறது. இனி எழுதப்படும் குற்ற நாவலில் கைரேகைப் பொடியோடு ஒருவர் ஓரத்தில் வந்துபோனால் போதாது. ஆய்வகத்திலிருந்து வரும் வல்லுநர் ஒரு முழுப் பாத்திரமாகவே வளர்வார். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 302 என்று பழகிப்போன கொலைப் பிரிவு, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 103 ஆகிவிட்டது என்பதைக்கூடக் கவனியாமல் சென்ற மாதம் வெளியான கதைகளைப் பார்க்கிறேன்.

ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். தங்கள் நூல் பக்கத்தில் மாதம் ஒருமுறையாவது ஒரு குற்ற நாவலுக்கு முறையான மதிப்புரை வெளியிடுங்கள். கதைச் சுருக்கத்தைச் சொல்லி, விறுவிறுப்பாக இருக்கிறது என்று முடிக்கும் மதிப்புரை வேண்டாம். சான்றுகள் நேர்மையாக வைக்கப்பட்டிருக்கின்றனவா, புலனாய்வு நம்பும்படி இருக்கிறதா, இறந்தவர் ஒரு மனிதராக நம் மனத்தில் நிற்கிறாரா, அல்லது முதல் பக்கத்தில் விழுந்து கிடப்பதற்காக மட்டும் படைக்கப்பட்டாரா என்று கேட்கும் மதிப்புரை வேண்டும். ஓய்வுபெற்ற காவல் அதிகாரிகள், சட்ட மருத்துவர்கள், வழக்கறிஞர்கள் ஆகியோரில் நன்றாக எழுதக்கூடியவர்கள் இருக்கிறார்கள்; அவர்களைக் கொண்டும் எழுதச் செய்யலாம். குறை இருந்தால் கடுமையாகவே சுட்டிக்காட்டட்டும். மதிப்புரையே கிடைக்காத இடத்தில் எழுத்து வளர்வதில்லை என்பதைக் கவிதைக்கும் சிறுகதைக்கும் பல ஆண்டுகளாக இடம் தந்துவரும் தாங்கள் நன்கு அறிவீர்கள்.

இத்துடன் தங்கள் செய்திப் பிரிவுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. அதுவும் இப்பொருளைச் சேர்ந்ததே. ஒரு கொலை நடந்தால் கைது வரை முதல் பக்கத்தில் செய்தி வருகிறது. மூன்று, நான்கு ஆண்டுகள் கழித்து அதே வழக்கில் தீர்ப்பு வரும்போது, தண்டனையானாலும் விடுதலையானாலும், பெரும்பாலும் ஒரு சிறு பெட்டிச் செய்திகூடக் கண்ணில் படுவதில்லை. கைதானவரே குற்றவாளி என்ற எண்ணத்தோடு வாசகர் நின்றுவிடுகிறார். நம் தென்மாவட்ட வழக்குகளில் ஆண்டுக்குச் சிலவற்றையாவது முதல் தகவல் அறிக்கையிலிருந்து தீர்ப்பு வரை, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மேல்முறையீடு சென்றால் அது முடியும்வரை, தொடர்ந்து எழுதுங்கள். எந்தச் சான்று நின்றது, எது ஏன் விழுந்தது என்று விளக்கமாக எழுதுங்கள். குற்ற நாவல் படிப்பவர்கள் அதை ஒரு வரி விடாமல் படிப்பார்கள். எழுத நினைப்பவர்களுக்கு அதைவிடச் சிறந்த பாடம் கிடைக்காது.

ஞாயிறு இதழில் ஒரு தொடர்கதைக்கு இடம் ஒதுக்கும் எண்ணம் தங்களுக்கு இருக்குமானால், அதில் முதலாவது, நம் பக்கத்து ஊர் ஒன்றைக் களமாகக் கொண்ட குற்ற நாவலாக இருக்கட்டும். எழுதுபவர் புதியவராக இருந்தாலும் பரவாயில்லை. நீதிமன்ற நடைமுறையில் ஐயம் எழுந்தால், மகஜர் எப்படி எழுதப்படும், சான்றுப் பொருளுக்கு எண் எப்படி இடப்படும் என்பன போன்றவற்றை எடுத்துச் சொல்ல நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நாளிதழின் நீண்டகால வாசகன்,
தேவகோட்டை.